கொஞ்சம்தானே என்னும் அன்பு

பழையாறு துறைமுகத்து இறால் மணக்கும் சீர்காழியில், இறால் ஒவ்வாத பிள்ளையை வளர்ப்பது எளிதன்று. சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்தில், உறவுக்கார மாமி ஒருவர், "பிஸ்மி சொல்லிக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது" என்று ஒரேயொரு துண்டை ஊட்டினார். என் மகன் முகம் வீங்கி மூச்சுத் திணறினான். மருத்துவமனையில் போட்ட அட்ரினலின் ஊசியால் மீண்டான், அல்ஹம்துலில்லாஹ்!

பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர மறையும். இறால் ஒவ்வாமையோ பெரும்பாலும் நிலைத்துவிடும். அதற்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின் என்னும் புரதம் கொதித்தாலும் அழியாது. ஆகவே, துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றுவதும் ஆபத்தே. ஒரே சஹனில் நால்வர் கைவைத்து உண்ணும்போது, மசாலா சோறெங்கும் கலந்துவிடும். அத்தகைய பிள்ளைக்குத் தனித்தட்டு வைப்பது பிரிவினை அன்று, பாதுகாப்பு.

கடைப் பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் கட்டளையிடுகின்றன. விருந்துச் சட்டிக்கு ஏது லேபிள்? சமைத்தவரின் வாய்ச்சொல்லே லேபிள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பளிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிறர் பிள்ளைக்கு ஊட்டுமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதுவும் விருந்தோம்பலே.