மறந்த மொழியும் மறவாத வினாவும்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் ஜெர்மன் மொழியின் அரிச்சுவடியைக் கையில் எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? "மகனை அயல்நாட்டுக்கு அனுப்பப் போகிறாயா?" என்று கேட்டார் ஒருவர். "பதவி உயர்வு ஏதும் உண்டோ?" என்றார் மற்றொருவர். "ஓய்வு பெறும் வயதில் வீண் வேலை!" என்று தீர்ப்பே கூறிவிட்டார் மூன்றாமவர். பயணமும் இல்லை, பதவியும் இல்லை. பழைய கட்டுரை ஒன்றைப் படிப்பதற்காக என்றேன். நகைத்தனர் மூவரும். அந்த நகைப்புக்குரிய விடையைத்தான் இங்கே எழுதுகிறேன், தோழர்களே!

பள்ளியில் மூன்றாண்டுகள் ஜெர்மன் எனக்கு விருப்பப் பாடம். மொழியைப் பயின்றோம் என்பதைவிட, மொழியில் தேர்வு எழுதினோம் என்பதே பொருந்தும். ஆசிரியர் அன்பு மிக்கவர். ஆனால் வகுப்பின் நோக்கமோ மதிப்பெண். மதிப்பெண் வந்தது, மொழி விடைபெற்றது! அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள். கடைத்தெருவில் அம்மொழி தேவைப்படவில்லை, அலுவலகத்தில் தேவைப்படவில்லை, வீட்டிலும் தேவைப்படவில்லை. நீர் பாயாத வாய்க்கால் தூர்ந்து போவது இயற்கை. அதில் வியப்பும் இல்லை, வெட்கமும் இல்லை.

தூர்ந்த வாய்க்காலை மீண்டும் வெட்டத் தூண்டியது ஒரு வினா. என் திருமணம் சீர்திருத்தத் திருமணம். புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. மாலை மாற்றினோம், உறுதிமொழி கூறினோம், வாழ்க்கையைத் தொடங்கினோம். இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும் என்ற நிலையை நமக்கு அளித்தது சென்னை மாநிலத்தின் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெர்லின் நகரத்து மாத இதழ் ஒன்றில் இதே வழக்கு நடந்தது என்பதை ஒரு நூலில் கண்டேன். 1783ஆம் ஆண்டு, அவ்விதழின் ஆசிரியர்களுள் ஒருவரான பீஸ்டர், திருமணத்திற்கு மதகுரு எதற்கு என்று கேட்டு, தம் பெயரை வெளியிடாமல் ஒரு கட்டுரை வரைந்தார். சோல்னர் என்ற மதகுரு அதே இதழில் மறுப்பு எழுதினார். எழுதியவர், அடிக்குறிப்பு ஒன்றில், "அறிவொளி, அறிவொளி என்கிறார்களே, அறிவொளி என்றால் என்ன? யாரும் விளக்கக் காணோமே!" என்ற பொருளில் ஒரு வினாவையும் போட்டு வைத்தார்.

அடிக்குறிப்பில் விழுந்த அந்தப் பொறி பெருந்தீயாயிற்று! மோசஸ் மெண்டல்ஸோன் விடை எழுதினார். 1784 டிசம்பர் இதழில் இம்மானுவேல் காண்ட் விடை எழுதினார். குதிரைக்குச் சேணமும் வாரும் தைத்துப் பிழைத்த தொழிலாளியின் மகன் காண்ட். அவர் எழுதிய அந்தப் பதினான்கு பக்கங்களை உலகம் இன்றும் படிக்கிறது. மணமேடையில் மதகுரு வேண்டுமா என்ற வழக்கிலிருந்து பிறந்த கட்டுரையை, மதகுரு இல்லாமல் மணம் புரிந்த நான் அதன் சொந்த மொழியில் படிக்க வேண்டாமா?

"ஆங்கிலத்தில்தான் மொழிபெயர்ப்பு இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது, ஒன்றல்ல, பல. அவற்றில் இரண்டைப் படித்தேன். மனிதன் எதிலிருந்து விடுபடுவது அறிவொளி என்று காண்ட் கூறும் அந்த முதன்மையான சொல்லை, ஒருவர் முதிர்ச்சியின்மை என்ற பொருளில் தருகிறார். மற்றொருவர் பிறர் காப்பில் இருத்தல் என்ற பொருளில் தருகிறார். இரண்டும் ஒன்றா? பழம் முதிராதிருப்பது இயற்கை. ஒருவன் பிறர் காப்பில் அடங்கிக் கிடப்பது சமூகத்தின் ஏற்பாடு. எது காண்டின் கருத்து? மொழிபெயர்ப்பாளர் நமக்கு உதவும் நண்பர். அவரை இகழ்வது நன்றி கொல்வதாகும். ஆனால் நண்பர் இருவர் மாறுபட்டுக் கூறும்போது, நாமே சென்று பார்ப்பதுதானே முறை? மூலத்தைத் தொடவே கூடாது என்று தடுத்த காலத்தை நாம் அறிவோம். ஜெர்மானியரும் அறிவர். 1522இல் மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டது, லத்தீன் அறியாத எளியவரும் தாமே படிக்கட்டும் என்பதற்காகத்தான். வேதத்திற்குத் தரகர் வேண்டாம் என்றால், தத்துவத்திற்கு மட்டும் ஏன்?

எனவே தொடங்கினேன். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை, தேர்வு இல்லை. எனினும் துணைக்கு ஒரு ஜெர்மானியர் இருந்தார்: ஹெர்மன் எப்பிங்ஹவுஸ். மறதியை அளந்து காட்டிய அறிஞர் அவர். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்தார். இடைவெளி விட்டு மீண்டும் பயின்றார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் அவர் வெளியிட்ட நூலின்படி, 20 நிமிடம் கழிந்தபின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாள் கழிந்தபின் 34 விழுக்காடு. 31 நாள் கழிந்தபின் 21 விழுக்காடு. மறதி தொடக்கத்தில் பாய்ந்து வருகிறது, பின்னர் தவழ்ந்து செல்கிறது! மறந்துவிட்டது என்று நாம் எண்ணும் பொருளும் அடியோடு அழிவதில்லை. மறுமுறை பயில்வதற்குரிய உழைப்பைக் குறைத்துக்கொண்டு மறைவாகவே நிற்கிறது. கலைமகள் கடாட்சம், தலையெழுத்து என்றெல்லாம் சொல்லப்பட்டதை, ஒரு மனிதர் கடிகாரத்தையும் காகிதத்தையும் கொண்டு அளந்து காட்டிவிட்டார்.

அந்த மிச்சம் என்னிடமும் இருந்தது. முதல் வாரத்திலேயே, "அவுஸ், பை, மிட், நாக், ஸைட், ஃபொன், ட்ஸூ" என்று ஏழு சொற்கள் சங்கிலியாய் நாவில் வந்து நின்றன. நான்காம் வேற்றுமைபோல் அம்மொழியில் அமைந்த ஒரு வேற்றுமையை ஏற்கும் இடைச்சொற்கள் அவை. வகுப்பில் கூட்டாக ஓதியது. ஓசை அப்படியே வந்தது. பொருளோ பாதிதான் வந்தது. ஓதுவது வேறு, உணர்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஓசையை வைத்துக்கொண்டு பொருளைத் தேடினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நானே ஐந்து வாக்கியம் எழுதினேன். அப்போதுதான் சங்கிலி கருவியாயிற்று.

சொற்களை நினைவில் நிறுத்த ஓர் எளிய வழி உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்பார் 1972இல் எழுதிய நூலில் விளக்கியது அது. பெட்டி ஒன்று, அதில் ஐந்து அறைகள். ஆம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியேதான்! கடுகுக்கும் சீரகத்திற்கும் மாற்றாகச் சொற்கள் எழுதிய சீட்டுகள். முதல் அறையின் சீட்டை நாள்தோறும் பார்க்க வேண்டும். பொருள் சரியாகச் சொன்னால் அச்சீட்டு அடுத்த அறைக்குச் செல்லும்; அங்கே பார்வை சற்று அருகும். தவறினால் மீண்டும் முதல் அறைக்கே வரும். நாளுக்குப் பத்துச் சொல். விடியலில் அரைமணி நேரம். மாலையில், ஜெர்மனியின் அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையம் பயில்வோர்க்கென நிறுத்தி நிதானமாகப் படிக்கும் செய்தி. செலவு என்று பார்த்தால் சீட்டு வாங்கிய காசுதான்.

தமிழ் அறிந்தவனுக்கு அம்மொழியில் தடையும் உண்டு, தோழமையும் உண்டு. உண்ணும் மேசையைப் பாருங்கள்: கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டிலும் சேராத மூன்றாம் பால்! சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லும் அந்த மூன்றாம் பாலே. பெண்ணை இழிவுபடுத்தும் எண்ணமா? அன்று. சிறுமைப் பொருள் தரும் அந்த ஈறு சேர்ந்த சொல் எதுவாயினும் அப்பாலில் அடங்கும் என்பது இலக்கணம். தமிழ் பொருளை நோக்கிப் பால் வகுக்கிறது. ஜெர்மன் பல இடங்களில் சொல்லின் ஈற்றை நோக்கி வகுக்கிறது. காரணம் தெரிந்தபின் வியப்பு மறைகிறது. உயர்வு தாழ்வு பேச இடமும் இல்லாது போகிறது.

தோழமை எங்கே? துணை வாக்கியத்தில் வினைச்சொல் இறுதிக்குச் சென்றுவிடும். ஆங்கிலேயர் இடறி விழும் அந்த இடத்தில், தமிழர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்வதுபோல் அமரலாம். சொல்லோடு சொல்லைச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்கும் திறமும் அப்படியே. தொலைவையும் காண்பதையும் இணைத்து 'ஃபெர்ன்ஸேயன்' என்றனர் அவர்கள். 'தொலைக்காட்சி' என்றோம் நாம். கையையும் காலணியையும் இணைத்து 'ஹாண்ட்ஷூ' என்றனர். 'கையுறை' என்றோம் நாம்.

பதினோராம் மாதத்தில் காண்டின் கட்டுரையைத் திறந்தேன். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம். சில நாள் அரை வாக்கியம். நான் தேடிய சொல் 'உன்ம்யுண்டிக்கைட்'. வாய் என்று பொருள்படும் 'முண்ட்' என்ற சொல்லில் பிறந்ததுபோல் தோன்றும். உண்மையில் காப்பு, காவல் என்று பொருள்பட்ட பழஞ்சொல்லின் வழி வந்தது. சட்டத்தில், உரிய வயது வராமையால் காப்பாளரின் பொறுப்பில் இருக்கும் நிலை. ஆக, இரண்டு மொழிபெயர்ப்பாளரும் பாதிப்பாதி கூறியிருந்தனர்! வயதும் உண்டு, காவலும் உண்டு அச்சொல்லில். வயது வந்த பின்னும், அறிவு இருந்தும் துணிவு இன்றி, காவலை விட்டு வெளிவராமல் கிடக்கும் நிலையைத்தான் காண்ட் சாடுகிறார்.

அத்தகையவன் தனக்காக எண்ணும் வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் காப்பாளரை அவர் வரிசைப்படுத்துகிறார். மதகுரு வருகிறார், மருத்துவர் வருகிறார். ஆனால் அவர்களுக்கும் முன்னே, முதலாவதாக நிற்பது எது தெரியுமா? நூல்! நூலையே காப்பாளனாக்கிக் கொள்ளாதே என்று ஒரு நூலாசிரியரே எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையை அவர்மீதே செலுத்தினேன். அலுவலரும் மதகுருவும் தம் பணியில் கட்டளைக்குக் கட்டுப்பட வேண்டும், எழுத்தில் மட்டும் தடையின்றி ஆராயலாம் என்கிறார் காண்ட். காலையில் அநீதியான ஆணையை நிறைவேற்றிவிட்டு, மாலையில் அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினால் போதுமா? ஒப்பவில்லை என் உள்ளம். மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்திய வரிகளும் அவருடைய வேறு எழுத்துகளில் உண்டு. அவற்றையும் ஒப்புவதற்கில்லை. அறிவைப் பயன்படுத்து என்றவரிடமே அறிவைப் பயன்படுத்துவதுதான் அவருக்குச் செய்யும் சிறப்பு.

தோழர்களே! உங்களுக்கும் தூர்ந்த வாய்க்கால் ஒன்று இருக்கும். பள்ளியோடு விட்ட கணக்காக இருக்கலாம். அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கற்ற தெலுங்காக இருக்கலாம். தந்தையிடம் பழகிய கைத்தொழிலாக இருக்கலாம். போனது போனதுதான் என்று சொல்வது விதிவாதம். எவ்வளவு மிச்சம் என்று தோண்டிப் பார்ப்பது பகுத்தறிவு. அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டாம், எவரிடமும் இசைவு பெற வேண்டாம். மறதி நம்மிடம் எதை விட்டு வைத்திருக்கிறது என்பதை, மீண்டும் தொடங்கிய பிறகே அறிய முடியும். தொடங்குங்கள்!