இறங்கும் சாலை, ஏறும் தண்ணீர்

மகளுக்குப் பத்து வயது நிறைந்த நாள். "கேக்கெல்லாம் வேணாம்ப்பா, பெரிய காடு பார்க்கணும்" என்றாள். ஊட்டி, முதுமலை என்று வீட்டில் பேச்சு ஓடியது. தருமபுரியில் இருந்துகொண்டு காட்டைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? ஒகேனக்கல் சாலையில் வண்டியை விட்டேன். சுமார் 46 கிலோமீட்டர்.

இண்டூரில் பாப்பாரப்பட்டிக்கு ஒரு சாலை பிரிகிறது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலையில் கண்மூடியது அந்த ஊரில். 2004 அக்டோபரில் சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதற்கு அருகில்தான். மகளுக்குத் தெரிந்திருந்தது இரண்டாவது பெயர் மட்டுமே.

பென்னாகரம் தாண்டி, மடம் சோதனைச்சாவடியும் கடந்தால் மலைப்பாதை இறங்கத் தொடங்குகிறது. இருபுறமும் முள், புதர், மூங்கில், இலை உதிர்ந்த குட்டை மரங்கள். "இதுவாப்பா காடு?" என்று முகம் சுளித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பச்சைப்பசேல் என்று இருந்தால்தான் காடு என்று சினிமாவும் காலண்டரும் நமக்குப் பழக்கிவிட்டன. யானைக்கு அந்தக் கணக்கு கிடையாது. மூங்கிலும் புல்லும் மரப்பட்டையும், கோடையில் காவிரித் தண்ணீரும் இருந்தால் அதற்குப் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. கர்நாடகப் பக்கமும் ஒரு காவிரி சரணாலயம் உண்டு. எல்லைக்கோடு நமக்குத்தான்.

வளைவுகளில் குரங்குகள் சிப்ஸுக்காகக் காத்திருக்கின்றன. காரை நிறுத்தி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இந்த இறக்கத்தில் கண்ணில் படாத இன்னொரு பயணமும் நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, வயதானால் எலும்பு வளைவு என்று தலைமுறை தலைமுறையாக அனுபவித்த ஊர்கள் இவை. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இந்த மலைமேல் ஏற்றுகிறது. மடத்துத் தொட்டியிலிருந்து அது ஊர்களுக்கு இறங்கிப் போகிறது. நாங்கள் அருவி பார்க்க இறங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எதிரே ஏறிக்கொண்டிருந்தது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுமா என்பதை ஆற்றின் மேல்பக்கம் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்துதான் முடிவு செய்யும். வரத்து கூடினால் பரிசலுக்கும் தடை, குளிக்கவும் தடை. "காலையில எழுந்ததும் பிலிகுண்டுலு எவ்ளோன்னுதாங்க கேப்போம்" என்றார் பரிசல்காரர். பிறகு கரையைக் காட்டினார்: "பெரிய மரம் பார்க்கணுமா பாப்பா, அங்க பாரு. எல்லாம் நீர்மத்தி."

வெளுத்த அடிமரம், ஆற்றுக்குள் இறங்கும் வேர், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். இந்தக் காட்டின் ராட்சதர்கள் எல்லாம் தண்ணீரை ஒட்டித்தான் நிற்கிறார்கள். சாம்பல் நிற மலை அணிலுக்கு இந்த ஆற்றோர மரங்கள்தான் வீடு. அது பெரும்பாலும் தரைக்கு வராது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். நடுவில் ஒரு மரம் போனால் அதன் வழி அறுந்துவிடும். ஆற்றின் மேல்பக்கம் ஓர் உச்சாணிக்கிளையில் அதன் கூட்டைப் பார்த்தோம். கடைகளும் வண்டி நிறுத்தமும் உள்ள பக்கத்தில் தேடியும் ஒன்றும் தென்படவில்லை.

அதற்குள் பசி வந்துவிட்டது. மீன் வறுவல் கடையில் பிறந்தநாள்காரிக்கு ஒரு துண்டு சேர்த்துக் கொடுத்தார்கள்.