பெண்ணையாற்றங்கரையில் ஒரு பழம்பதி

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் யான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்தது இது. பாரி மகளிரின் வரலாற்றை ஒரு நாள் பாடமாக நடத்திக் கொண்டிருந்தேன். பறம்புமலையின் தலைவன் பாரி மூவேந்தரின் சூழ்ச்சியால் மாண்ட பின்னர், தந்தையை இழந்த பெண்கள் இருவரையும் புலவர் கபிலர் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததையும், இறுதியில் திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறையில் தம் உயிரை விட்டதையும் சொன்னேன். அப்போது கடைசி வரிசையிலிருந்த மலைவாழ் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்தப் பாறை இன்னும் இருக்கிறதா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று வினவினான்.

“பார்த்திருக்கிறேன்” என்றேன். “எப்படி இருக்கும், ஐயா?” என்றான். “மலைபோல் உயர்ந்திருக்கும்” என்றேன். உண்மையில் யான் அதைப் பார்த்ததே இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து 50 கிலோமீட்டர்கூட இல்லாத ஓர் ஊருக்கு, பணிக்காலம் முழுவதும் போகாமலே இருந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பின்னும் அச்சிறுவனின் முகம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. எனவே சென்ற விடுமுறையில் பேரனை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வாடகைக் கார் வேண்டுமென்றான் பேரன். பழைய ஊர்களைப் பேருந்திலும் கால்நடையாகவும் சென்று காண்பதே முறை என்று சொல்லி அவனை இணங்க வைத்தேன். கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறித் தியாகதுருகம் வழியாகச் சென்றோம். வலிய பாறைக்குன்றும் அதன்மேல் கோட்டையும் கொண்ட ஊர் தியாகதுருகம். அதைக் கடந்தபின் வயல்களும் கரும்புத் தோட்டங்களும் மாறி மாறி வந்தன.

தொலைவிலிருந்து வருவோர்க்கு இரயில் உண்டு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதையில் திருக்கோவலூர் என்ற பெயருடனேயே ஒரு நிலையம் இருக்கிறது. ஆனால் அந்நிலையம் ஆற்றின் வடகரையில், அரகண்டநல்லூர்ப் பக்கம் உள்ளது, ஊரோ தென்கரையில். ஆகவே இரயிலில் வருபவர் பெண்ணையைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். இது ஒரு வகையில் நற்பேறே. ஆற்றைக் கடந்து காணும்போதுதான் இவ்வூரின் அமைப்பு விளங்கும்.

கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து, கிருட்டிணகிரி வழியாகச் சாத்தனூர் அணையை அடைந்து, அங்கிருந்து இவ்வூருக்கு வருகிறது தென்பெண்ணை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இவ்வாறு, சினம் கொண்டால் தாங்காது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டபோது, கரையோர ஊர்கள் பட்ட துயரை மக்கள் மறக்கமாட்டார்கள்.

ஊரின் கீழ்ப்பகுதியான கீழையூரில் வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. இதன் கல்வெட்டுகள் ஒரு பெரும் வரலாற்று நூலுக்கு நிகர். முதலாம் இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர் என்றும், கணவர் சுந்தரசோழர் இறந்தபோது குழந்தையைப் பிரிந்து உடன்கட்டை ஏறினார் என்றும் இங்குள்ள கல்வெட்டே நமக்குத் தெரிவிக்கிறது. கபிலர் பாரியின் மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்பதையும் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. உண்ணாது வடக்கிருந்து உயிர் விட்டார் என்பது மற்றொரு வழக்கு. எவ்வாறாயினும், ஏற்ற பொறுப்பை முடித்த பின்னரே அவர் நண்பனைத் தொடர்ந்து சென்றார் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. விச்சிக்கோனும் இருங்கோவேளும் வாயில் அடைத்த பிறகு, அப்பெண்களுக்குப் புகலிடம் கிடைத்தது இந்நாட்டில்தான்.

அப்பாறையைக் கண்டோம். ஆற்றின் நடுவே ஒரு தனிக்கல். அதன் உச்சியில் ஒரு சிறு கோயில். மலைபோல் அன்று, நாலைந்து ஆள் உயரம் இருந்தால் மிகுதி. “இவ்வளவுதானா, தாத்தா?” என்றான் பேரன். எனக்கு நா எழவில்லை. இத்துணைச் சிறிய கல்லையா இத்தனை நூற்றாண்டுகளாகத் தமிழர் நினைவில் சுமந்து வருகின்றனர் என்று வியந்து நின்றேன்.

நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்படும். அந்த நேரத்தை மர நிழலில் கழித்தோம். பேரனுக்கு இவ்வூரின் பழங்கதைகள் சிலவற்றைச் சொன்னேன். இங்கிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் பகைவன் முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு வந்து குத்தினான். வீழ்ந்த நிலையிலும் மன்னர், அவனுக்குத் தீங்கு நேராமல் ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடுமாறு தம் காவலன் தத்தனுக்கு ஆணையிட்டார்; அவன் தப்பிச் சென்றான் என்று கேட்ட பின்னரே உயிர் துறந்தார். தன்னைக் கொன்றவனுக்கும் வழித்துணை அனுப்பிய வரலாறு இது.

1896இல் நிகழ்ந்ததையும் கூறினேன். மதுரையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட 16 வயது மாணவன் ஒருவன், விழுப்புரத்தில் கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் சீட்டு வாங்க முடிந்தது. அங்கிருந்து அறையணிநல்லூர் என்னும் அரகண்டநல்லூருக்கு நடந்தே வந்தான். பசியால் சோர்ந்து கீழூரில் மயங்கி விழுந்தான். மறுநாள் ஒரு பாகவதர் இல்லத்தில் அவனுக்கு உணவு கிடைத்தது. தன் காதுக்கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் பெற்றான். செப்டம்பர் 1ஆம் நாள் காலை இரயிலில் திருவண்ணாமலை சென்றான். அம்மாணவனே பின்னாளில் உலகறிந்த இரமண மகரிஷி.

மாலையில் உலகளந்த பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். அதன் இராசகோபுரம் தமிழகத்தின் மிக உயர்ந்த கோபுரங்களுள் ஒன்று. முதலாழ்வார் மூவரும் சந்தித்தது இத்தலத்தில்தான். மழை கொட்டிய ஓர் இரவில், பொய்கையாழ்வார் ஓர் இல்லத்தின் இடைகழியில், அதாவது வாயிலுக்கும் உள்வீட்டிற்கும் இடைப்பட்ட நடையில், படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமர்ந்தனர். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவரும் நின்றனர். நான்காவதாக இறைவனே வந்து நெருக்கினான் என்பது வரலாறு.

வெளியே வந்தபோது எங்களையும் மழை பிடித்துக்கொண்டது. தெருவோரத் தேநீர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். “உள்ள வாங்கய்யா, கொழந்தைய நனைய வுடாதீங்க” என்று கடைக்கார அம்மையார் தம் முக்காலியைத் தந்தார். அடுத்து ஒரு மூதாட்டி வந்தார், நான் எழுந்தேன். பள்ளிச் சிறுமியர் மூவர் வந்தனர். அனைவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். பேரன் என் கையைப் பற்றி, “தாத்தா, இடைகழி!” என்று உரக்கச் சொன்னான். காரில் வந்திருந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருப்போம்.

வாசகப் பெருமக்களே, 2019 நவம்பர் 26 அன்று பிறந்த நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் வயதில் இளையது; ஆனால் அதனுள் அடங்கிய இவ்வூர் சங்க காலத்துப் பழம்பதி. தேர்களை வாரி வழங்கிய மலையமான் திருமுடிக்காரி ஆண்டது. அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வென்றது. ஆயினும் போரில் வென்றவரையும் தோற்றவரையும்விட, ஒதுங்க இடம் தேடி வந்தோரையே இவ்வூர் மிகுதியாக நினைவில் வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளோடு ஒருமுறை சென்று வாருங்கள். காலையிலேயே செல்லுங்கள், முடிந்தவரை நடந்து காணுங்கள்.

அன்று வினவிய அச்சிறுவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இவ்விதழ் அவன் கைக்கு எட்டுமாயின், அவனுக்கு இவ்வாசிரியன் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. தம்பி, அன்று யான் சொன்னது பொய். அந்தப் பாறையை இப்போதுதான் பார்த்தேன். அது மலைபோல் உயர்ந்ததன்று. நம் பள்ளிக்குப் பின்னால் நீங்கள் ஏறி விளையாடிய பாறையைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். ஆனால் இன்னும் இருக்கிறது.