கொல்லை வாழையும் கோல்ஃப் புல்லும்

ஸ்ரீரங்கத்தில் பிறந்த அவர், துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் 19 வருடம் புல் பராமரிக்கும் வேலை பார்த்தார். லீவில் வரும்போதெல்லாம் அம்மா கேட்பார், "பாலைவனத்துல புல்லுக்குத் தண்ணி எங்கேருந்துடா வருது?"

"குழாய்த் தண்ணிதாம்மா" என்று சமாளித்துவிடுவார். அது ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரித்த தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்ந்தவரிடம் அதைச் சொல்லக் கூச்சம்.

உண்மையில் அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கழிவுநீரிலிருந்து கசடை நீக்கி, நுண்ணுயிரிகளை விட்டு அழுக்கைத் தின்னவைத்து, வடிகட்டி, கிருமிகளை அழித்த பிறகே அனுப்புகிறார்கள். அதில் மிஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் புல்லுக்கு உரம். உப்புதான் எதிரி. அதனால் உப்பைத் தாங்கும் புல்லை வளர்ப்பார்கள்; அவ்வப்போது கூடுதலாக நீர் விட்டு, உப்பை வேருக்குக் கீழே இறக்குவார்கள். ஆட்டக்காரர்கள் கிளம்பிய பிறகு, இரவில்தான் பாசனம்.

வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர், ஒருநாள் அம்மாவை ஆட்டோவில் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். உய்யக்கொண்டான் பாலத்தில் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும், ஆயிரம் வருடம் பழைய வாய்க்கால் அது. நகரத்துக்குள் சாக்கடை கலக்கிறது. அதைத் தாண்டி அதே தண்ணீர்தான் நெல்லுக்கும் பாய்கிறது.

அன்றுதான் அவர் உண்மையைச் சொன்னார். அம்மா முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தார்.

அம்மாவோ சிரித்துவிட்டார். "இதைச் சொல்லவா இத்தனை வருஷம்? நம்ம கொல்லை வாழைக்கு நான் என்ன காவிரித் தண்ணியா ஊத்தினேன்? பாத்திரம் கழுவின தண்ணிதானே! அந்த வாழை இலையிலதானே நீ சாப்பிட்டே?"

அவருக்கு நெஞ்சு லேசானது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், தினமும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் 2019-ல் வந்ததைச் சொன்னார். திருச்சியிலும் பஞ்சப்பூரில் சுத்திகரிப்பு நிலையம் இருப்பதைச் சொன்னார்.

"அங்கே சுத்தம் பண்ணின தண்ணி எங்கே போகுது?"

"கோரையாத்துல விடறாங்க."

"நல்ல தண்ணியாக்கிட்டு ஏன்டா சும்மா விடணும்? ஊர்ல எத்தனை பார்க் காஞ்சு கிடக்கு!"

19 வருடம் அம்மாவின் கேள்வியைச் சமாளித்தவருக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.