புதியவன் என்னும் பழைய பெயர்

சென்ற மாரிக்காலத்தில் இலண்டன் மாநகரில் வாழும் என் மகன் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். வெயிலைக் காண்பது அரிதாயிருந்த அந்நாட்களில் எனக்குப் பேச்சுத் துணையாக வாய்த்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர். ஓய்வு பெற்ற தச்சர். என்னிலும் இரண்டு வயது மூத்தவர். அவர் வீட்டுக் கதவிலே பித்தளைத் தகடொன்றில் "நோவாக்" என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அஃது எந்நாட்டுப் பெயர் என ஒருநாள் வினவினேன்.

"போலந்து நாட்டுப் பெயர். அங்கே சந்தையொன்றில் நின்று 'நோவாக்' என்று உரக்கக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்" என்று சிரித்தார்.

"அதன் பொருள் யாது?" என்றேன்.

"புதியவன்" என்றார்.

இவ்விடை என்னைச் சிந்திக்க வைத்தது. ஒரு நாட்டிலே எல்லோருக்கும் பழகிய பெயர், பழக்கமில்லாதவனைக் குறிப்பதாக அமைந்தது எங்ஙனம்? அண்மையிலிருந்த நூல்நிலையத்தில் இதுபற்றிப் பல நாட்கள் படித்தேன். படித்தவற்றுட் சிலவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

போலிஷ் மொழியில் "நோவி" என்பது "புதிய" என்னும் பொருள் தரும் சொல். அதனோடு ஆளைக் குறிக்கும் "ஆக்" என்னும் விகுதி சேர்ந்து "நோவாக்" ஆயிற்று. கிராமத்துக்குப் புதிதாக வந்து குடியேறியவன், தொழிலொன்றிற் புதிதாகச் சேர்ந்தவன், புதிதாகச் சமயம் மாறியவன் ஆகிய எவனையும் ஊரார் இப்பெயரால் அழைத்திருக்கலாம். எனினும் பெரும்பாலும் அது வெளியூரிலிருந்து வந்தவனையே சுட்டிற்று என்பர். இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. தன்னைப் புதியவன் என்று எவனும் தானாகச் சொல்லிக்கொள்வதில்லை. அஃது ஏற்கனவே அங்கிருந்தவர்கள் இட்ட பெயர்.

போலந்தின் வரலாற்றிலே இத்தகைய புதியவர்கள் தோன்றுதற்குக் காரணங்கள் பல இருந்தன. 1241 ஆம் ஆண்டில் மொங்கோலியப் படையெடுப்பினால் தென்பகுதி பாழடைந்தது. அந்நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டிலும் அரசரும் பிரபுக்களும் திருச்சபையாரும் குடியானவர்களை வருவித்துப் புதிய கிராமங்களை நிறுவினர். பின்னர் நிலைமை மாறியது. 1496 ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கிராமத்தைவிட்டு ஆண்டுக்கு ஒரு குடியானவனே வெளியேறலாம் என்று கட்டுப்படுத்திற்று. மக்கள் நிலத்தோடு பிணிக்கப்பட்ட அத்தகைய காலத்தில், வேற்றூரான் ஒருவன் வந்து சேர்ந்தால் அவனை ஊர் முழுவதும் அடையாளங் கண்டிருக்கும் அன்றோ?

பிரபுக்கள் தம் நிலங்களின் பெயரோடு "ஸ்கி" என்னும் விகுதியைச் சேர்த்துக் குடும்பப் பெயர் பூண்டனர். குடியானவர்க்கோ நெடுங்காலம் நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. தந்தை நோவாக் எனப்பட்டாலும் மகன் வேறு பெயரால் அழைக்கப்படலாம். 1772 முதல் 1795 வரை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைத் துண்டாடிப் பங்கிட்டுக்கொண்டன. வரி வாங்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் அவற்றுக்குப் பெயர்ப் பதிவுகள் வேண்டியிருந்தன. 1808 ஆம் ஆண்டில் வார்சோப் பகுதியிலே நெப்போலியனின் சட்டக் கோவை நடைமுறைக்கு வந்து, பிறப்பும் விவாகமும் இறப்பும் அரச பதிவேடுகளில் ஏறின. வாய்மொழியாக வழங்கிய பெயர்கள் இவ்வாறு கந்தோர் மையினால் உறுதிபெற்று மக்களுக்கும் பேரர்களுக்கும் உரிமையாயின. அந்த நாளிலே புதியவன் என்றும் புதியவனாகவே எழுதப்பட்டுவிட்டான்.

இன்று போலந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் இதுவே. ஏறக்குறைய 200,000 பேர் இப்பெயரைத் தாங்குகின்றனர். இவர்கள் யாவரும் ஒரு வழித்தோன்றல்கள் என எண்ணுதல் தவறு. புதியவன் வராத ஊர் இல்லை. ஆதலால் நூற்றுக்கணக்கான ஊர்களிலே இப்பெயர் தனித்தனியே பிறந்தது. நோவாகோவ்ஸ்கி, நோவித்ஸ்கி முதலிய பெயர்களும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே. செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும்கூட முதலிடம் பெற்று நிற்பது இதே பெயர்தான். ஜெர்மானியரின் நொய்மான், ஆங்கிலேயரின் நியூமன் என்பனவும் பொருளால் இதன் உடன்பிறப்புக்கள் எனலாம்.

பெண்கள் இப்பெயரைத் தாங்கும் முறையும் சுவையானது. கொவால்ஸ்கி என்பவரின் மனைவி கொவால்ஸ்கா ஆவார். நோவாக் என்பவரின் மனைவியோ நோவாக் என்றே இருப்பார். முன்னாளில் மனைவியை நோவாகோவா என்றும், மணமாகாத மகளை நோவாகூவ்னா என்றும் வேறுபடுத்தி அழைத்தனர். அவ்வழக்கம் இன்று பெரிதும் அருகிவிட்டது.

இப்பெயரின் பொதுமையே ஒருவருக்குக் கவசமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது வார்சோவிலிருந்த இரகசியப் படைக்கும் இலண்டனிலிருந்த போலந்து அரசாங்கத்துக்கும் இடையே செய்தி கொண்டு திரிந்தவர் ஸ்ஜிஸ்வாவ் யெசியோரான்ஸ்கி. எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவ அவர் பூண்ட புனைபெயர் "யான் நோவாக்". யான் என்பது அங்கே சாதாரணமான ஆண்பெயர். தமிழ்க் காதுக்கோ அது "நான் புதியவன்" என்று ஒலிக்கின்றது! ஆயிரமாயிரம் பேர் தாங்கும் பெயருக்குள் ஒருவர் மறைந்துகொள்வது எளிதுதானே. 1952 முதல் 1976 வரை சுதந்திர ஐரோப்பா வானொலியின் போலிஷ் பிரிவுக்கு அவர் தலைமை வகித்தார். ஆபத்து நீங்கிய பின்னரும் இரவற் பெயரை அவர் உதறிவிடவில்லை. தம் இயற்பெயரோடு அதனை இணைத்து, யான் நோவாக் யெசியோரான்ஸ்கி என்றே 2005 ஆம் ஆண்டில் மறையும் வரை வாழ்ந்தார்.

செக் வழிவந்த அமெரிக்க நடிகை கிம் நோவாக்கை மூத்த நேயர்கள் அறிவர். படநிறுவனத்தார் அவருடைய பெயர் முழுவதையும் மாற்ற முயன்றனர். மரிலின் என்ற தம் முதற்பெயரை விட்டுக்கொடுக்க அவர் இசைந்தார். குடும்பப் பெயரை விடமாட்டேன் என்று உறுதியாக நின்று வென்றார்.

இவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது என் மனத்தை உறுத்திய ஒன்றையும் மறையாது சொல்லவேண்டும். என் இளமையில் எங்கள் ஒழுங்கையிலே வேற்றூர்க் குடும்பமொன்று வந்து குடியேறிற்று. அவர்களை நாங்கள் "வந்தான் வரத்தான்" என்றே பேசினோம். அக்குடும்பத்துப் பையன் என் வகுப்பிலேதான் படித்தான். அவனுடைய பெயர் இன்று எனக்கு நினைவில் இல்லை. நாங்கள் அவனைப் பெயரிட்டு அழைத்ததில்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய பெருங்கூட்டத்தில் நானும் ஒருவனாக நடந்தேன். வேற்றூரொன்றின் கிணற்றடியிலே வாளியோடு நின்றபொழுது, அதே சொற்கள் என் முதுகுக்குப் பின்னாற் கேட்டன. அன்றுதான் அந்தப் பையனை நினைத்தேன்.

ஒருநாள் மாலை என் மகன் ஒரு பாடசாலை விண்ணப்பப் பத்திரத்தோடு வந்து அமர்ந்தான். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே முன்னே நிற்கும். அந்நாட்டுக் கந்தோர்களில் என் பெயர் என் மகனுக்குக் குடும்பப் பெயராயிற்று. அதுவே பேரனுக்கும் வந்துவிட்டது. நாயன்மார் ஒருவரின் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்துக்கள்.

"ஐயா, பிள்ளைகள் வகுப்பிலே இவன் பெயரைச் சொல்லத் தெரியாமற் சிரிக்கிறார்களாம். சுருக்கி எழுதுவோமா?" என்று தயங்கிக் கேட்டான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. அது அவர்கள் வாழும் நாடு; துன்பப்படுவது பிள்ளை. மறுநாள் பெரியவரிடம் இதனைச் சொன்னேன். அவருடைய தந்தையார் போருக்குப் பின் தாய்நாடு திரும்பாது இங்கிலாந்திலேயே தங்கிய போலந்துப் படைவீரருள் ஒருவர். "அவரையும் நியூமன் என்று மாற்றிக்கொள்ளும்படி பலர் சொன்னார்களாம். 'பொருள் ஒன்றுதானே, பிறகேன் மாற்றவேண்டும்?' என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்" என்றார் அவர்.

அன்றிரவு இதனை மகனிடம் கூறினேன். முடிவை அவனிடமே விட்டேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுப் பேனையை எடுத்தான். பத்திரத்தில் இருந்தவை 15 கட்டங்களே. பதினாறாவது எழுத்தை ஓரத்து வெளியிலே எழுதி முடித்தான்.

அருகில் நின்ற பேரன் அந்தக் கடைசி எழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்பப்பா, இந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்டான்.

அவனை மடியிலிருத்திச் சொல்லத் தொடங்கினேன்.