ஓலாவின் மகள் மாரி

மாரி என்பது நார்வே நாட்டிலும் பெண்களுக்கு வைக்கும் பெயர். மரியாவின் சுருக்கம். நம் ஊர் மாரிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் பழைய தேவாலயப் பதிவேடு ஒன்றில் அந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது. நான் தேடிப்போன பெண்ணின் பெயர் வேறு. அவருடைய வாரிசுகள் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மாரி என்றே வைத்துக்கொள்வோம்.

மாரியின் அப்பா ஓலா என்றால் அவர் மாரி ஓல்ஸ்டாட்டர். ஓலாவின் மகள் மாரி, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் அவர் குடியிருக்கும் பண்ணையின் பெயர் வரும். அது குடும்பப் பெயர் அல்ல, விலாசம் மாதிரி. பண்ணை மாறினால் அதுவும் மாறிவிடும். திருமணம் ஆனாலும் மாரி ஓலாவின் மகள்தான். நம் ஊரில் கல்யாணமான மறுமாதமே ரேஷன் கார்டில் தொடங்கி வங்கிக் கணக்குவரை தலைப்பெழுத்தை மாற்ற வரிசையில் நிற்கும் என் மாணவிகளை நினைத்துக்கொண்டேன். அப்பாவின் பெயரைச் சுமப்பது பெரிய விடுதலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறந்தது முதல் புதைத்தது வரை ஒரே பெயரில் ஒரு பெண்ணைத் தொடர முடிகிறது என்பது, பெண்களைத் தேடுகிறவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

என் தம்பி அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கிறான். அவன் மனைவி, நார்வேயிலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பத்துப் பெண். அவர்கள் மகள் பள்ளிக்காகக் குடும்ப வரலாறு எழுதவேண்டியிருந்தது. அப்பா வழிக்கு அத்தை நான் இருந்தேன். அம்மா வழிக்கு அவளுடைய தாத்தா இருந்தார், எண்பதை நெருங்கியவர். அவரிடம் கதை தயாராக இருந்தது. "கையில் ஒன்றுமில்லாமல் வந்தார்கள். யாருமில்லாத புல்வெளி. என் கொள்ளுத்தாத்தா தன் கையால் வீடு கட்டினார், நிலத்தைப் பிளந்தார், நிலைத்தார்." இந்தக் கதையில் மாரிக்கு இருந்தது ஒரே ஒரு சொல்: 'மனைவியோடு'.

அந்தக் கோடை விடுமுறையில் நான் அங்கே இருந்தேன். முனைவர் பட்டத்துக்காக ஏட்டுச்சுவடிகளில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள், பழைய கையெழுத்தைக் கண்டால் விடமாட்டேன். நார்வே ஆவணக் காப்பகம் தன் தேவாலயப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் டிஜிட்டால்ஆர்கிவே என்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் கட்டங்களின் தலைப்புகளைக் கற்றுக்கொண்டால் போதும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம், ஊரைவிட்டுப் போனவர்கள். அம்மை குத்திக்கொண்ட குறிப்புகூட இருக்கும். 1810 முதல் அது இல்லாமல் திடப்படுத்தல் கிடையாது.

ஏன் கிளம்பினார்கள் என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நார்வேயின் நிலப்பரப்பில் பயிர் செய்யக்கூடியது நூற்றுக்கு மூன்று பங்குதான். பண்ணை மூத்த மகனுக்கு. மற்றவர்களுக்கு அடுத்தவர் பண்ணை ஓரத்தில் ஒரு குடிசையும் துண்டு நிலமும், அதற்குக் கூலியாக உழைப்பும். ஹூஸ்மன் என்று பெயர், நம் பண்ணையாள் போல. 1854இல் மகளுக்கும் மகனுக்கும் சம சொத்துரிமை என்று சட்டம் வந்தது. ஆனால் பரம்பரைப் பண்ணைக்கு மகன்தான் முந்தி என்ற வழக்கம் 1974 வரை சட்டத்திலேயே இருந்தது. 1825 ஜூலையில் ஸ்டாவங்கரிலிருந்து ரெஸ்டவ்ராசியோன் என்ற சின்னக் கப்பலில் 52 பேர் புறப்பட்டார்கள். நியூயார்க்கில் இறங்கும்போது 53 பேர். நடுக்கடலில் ஒரு பெண் பெற்றிருந்தாள். அதற்குப் பிந்திய நூறு ஆண்டுகளில் சுமார் எட்டு லட்சம் பேர் கிளம்பினார்கள்.

மாரி 1868இல் கணவரோடு கப்பலேறினார். கணவர் லார்ஸின் மகன், லார்சன். அமெரிக்காவுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். ஓலாவின் மகள் மாரி, மேரி லார்சன் ஆனார். லார்ஸின் மகன் மேரி! இந்த அபத்தத்தை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லியிருப்பார்களா தெரியாது, ஆனால் அவர் மொழியில் அதன் பொருள் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இப்படி லட்சக்கணக்கான மகள்கள் ஒரே தலைமுறையில் மாமனாரின் மகன்கள் ஆனார்கள். நார்வேயும் பின்னால் அதே வழிக்கு வந்தது, 1923இல், குடும்பத்துக்கு ஒரே பெயர் என்று சட்டம் போட்டு.

அதன் பிறகு மாரி காகிதங்களிலிருந்து மறையத் தொடங்குகிறார். குடியுரிமைப் பத்திரம் தேடினேன், இல்லை. இருக்காது. 1855 சட்டப்படி கணவன் குடிமகன் ஆனால் மனைவி தானாகவே குடிமகள். அவளுக்கென்று தனித்தாள் எதற்கு? நிலம் தேடினேன். 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் தருகிறது. ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராகவோ குடும்பத் தலைவராகவோ இருக்கவேண்டும். கன்னிப்பெண் கேட்கலாம், கைம்பெண் கேட்கலாம். கணவனோடு வாழ்கிற பெண் கேட்கமுடியாது. அவள் தலைவர் இல்லை. இந்தச் சட்டத்தைப் பெண்களுக்கு நிலம் தந்த சட்டம் என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தந்ததுதான், ஆண் இல்லாத பெண்களுக்கு.

மாரி அப்படித்தான் திரும்பி வருகிறார். பட்டா கைக்கு வருமுன்பே கணவர் இறந்துவிட்டார். 1873 தொடங்கி வெட்டுக்கிளிகள் மினசோட்டாவின் வயல்களை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம். கைம்பெண் ஐந்து வருடக் கணக்கை முடித்துத் தன் பெயரில் பட்டா வாங்கலாம். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தக் கோப்பின் நகலைத் தருவித்தோம். வீட்டின் நீள அகலம், சன்னல் எத்தனை, உழுத ஏக்கர் எத்தனை, மாடுகள் எத்தனை என்று கேள்விகள். பதில் சொல்வது மாரி. தாத்தாவின் கதையில் ஒற்றைச் சொல்லாக இருந்தவர், இங்கே பக்கம் பக்கமாகப் பேசுகிறார். எழுத்தர் தலைப்பில் அவரை இன்னாருடைய விதவை என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்து கோணல்மாணலாக, முழுதாக: மாரி ஓல்ஸ்டாட்டர்.

தம்பி மனைவி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, அந்த நிலம் அதற்கு முன்னால் யாருடையது?" என்று கேட்டாள். கேட்கக்கூடாது என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

டகோட்டா மக்களுடையது. 1851 ஒப்பந்தங்களில் தெற்கு மினசோட்டா முழுவதையும் அவர்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள். வரவேண்டிய பணம் 1862 கோடையில் வரவில்லை, கடைக்காரர்கள் கடன் தர மறுத்தார்கள், பசி, போர். அந்த ஆகஸ்டில் நார்வேக் குடியேறிகளும் கொல்லப்பட்டார்கள். குரி என்ற பெண் கணவரையும் மகனையும் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு நிலவறையில் ஒளிந்திருந்து, பிறகு காயம்பட்ட அண்டை வீட்டுக்காரர்கள் இருவரை மாட்டுவண்டியில் ஏற்றிக் காப்பாற்றினார். அரசு 1907இல் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தது. அவரும் ஓல்ஸ்டாட்டர்தான், சரித்திரம் அவரை அழைப்பது என்ட்ரெசன் என்று, மாமனாரின் மகனாக. அவருடைய துயரத்தை நான் குறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஃபோர்ட் ஸ்னெல்லிங் கோட்டையின் கீழே சுமார் 1,600 டகோட்டா மக்களை அடைத்துவைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. நடுவில் ஆறே நாள். 'யாருமில்லாத புல்வெளி' என்று தாத்தா சொன்னது அந்தப் புல்வெளியைத்தான். மாரியின் கையெழுத்தைப் பார்த்து நெகிழ்ந்த அதே கண்ணால் இதையும் பார்க்கவேண்டியிருந்தது. தம்பி மகள் தன் வரைபடத்தில் பண்ணைக்குப் போட்ட கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் வரைந்து, டகோட்டா, 1851 என்று எழுதினாள். தாத்தா முகம் சுளித்தார். ஆனால் தடுக்கவில்லை.

அவர் தடுத்தது வேறொன்றை.

நார்வேப் பதிவேடுகளில் பிறப்புப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. திருமணத்தில் பிறந்த குழந்தையா இல்லையா என்று அதில் குறிப்பார்கள். இல்லை என்றால் தாய், தகப்பன் பெயரைப் போதகரிடம் சொல்லவேண்டும். 1860இல், திருமணத்துக்குச் சில வருடங்களுக்கு முன்னால், மாரி ஓல்ஸ்டாட்டர் ஒரு பெண் குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறார். வேறொரு ஆள். 1865 மக்கள்தொகைக் கணக்கில் அந்தக் குழந்தை பாட்டி வீட்டில் இருக்கிறாள், தன் தகப்பனின் மகள் என்ற பெயரோடு. 1868 கப்பலேறியவர்களின் பட்டியலில் அவள் இல்லை. எட்டு வயது.

"இதை எழுதவேண்டாம். அவர்களைப் பற்றி அப்படி எதுவும் நான் கேள்விப்பட்டதில்லை" என்றார் தாத்தா. தம்பி மனைவி பேசாமல் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். அவருடைய கூச்சத்தை நான் புரிந்துகொள்ள முயன்றேன். ஆனால் எத்தனை கதைகளை இப்படித்தான் கௌரவமாக வைத்திருக்கிறோம்? மாரி அமெரிக்காவில் பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் குடும்பத்தில் கட்டம் இருந்தது. ஊரில் விட்டுவந்த ஒருத்திக்கு மட்டும் இல்லை. பணமில்லையா, கணவர் வேண்டாம் என்றாரா, பாட்டி தரமாட்டேன் என்றாளா, எந்தத் தாளும் சொல்லவில்லை. மாரி ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தால் அது யார் வீட்டுப் பெட்டியில் மக்கியதோ.

"தாத்தா வேண்டாம் என்றால் வேண்டாமா, அத்தை?" என்று கேட்டாள் தம்பி மகள். "உன் வரைபடம், நீதான் முடிவு செய்யணும்" என்றேன். அவள் பென்சிலால் வரைந்தாள், மையால் அல்ல.

இரண்டு நாள் தாத்தா எங்களோடு அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காபிக் கோப்பையோடு வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சில் கட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "இந்தப் பெண் பெரியவளாக வளர்ந்தாளா?" என்று கேட்டார். 1875இல் அவளுக்குப் பதினைந்து வயது ஆகியிருக்கும், உயிரோடு இருந்தால் திடப்படுத்தல் நடந்திருக்கும் என்றேன். நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஊர்ப் பதிவேட்டில் பையன்களுக்குத் தனிப் பட்டியல், பெண்களுக்குத் தனிப் பட்டியல். பெண்களின் முதல் பெயரிலிருந்து தொடங்கினோம்.