சவுண்ட்பாக்ஸின் வயது

பழைய பாட்டுப்பெட்டி ஒன்று விலைக்கு வந்தால் முதலில் தெரிய வேண்டியது, அது உருளை பாடும் போனோகிராஃபா, தட்டு பாடும் கிராமபோனா என்பதுதான். முன்னது 1877-இல் எடிசன் உருவாக்கியது. பின்னது பெர்லினர் 1887-இல் காப்புரிமை கோரியது. எடிசன் கருவியில் போலி குறைவு. ஊசியை நகர்த்தும் தண்டில் அங்குலத்துக்கு 100 மரை. அதைப் புதிதாகக் கடைந்து எடுப்பது எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது. குழல் மாற்றப்பட்டிருக்கிறதா, பெயரெழுத்து புதிதாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். கிராமபோன் கதை வேறு.

மும்பை சோர் பஜார் முதல் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வரை கண்ணில் படுவது ஒரே அச்சு: எட்டுப் பட்டை மரப்பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், நாய்ப் படம். அந்தப் படமே திருத்தப்பட்டதுதான். பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்த நாய் கேட்டது எடிசன் கருவியை. கறுப்புக் குழலைப் பித்தளையாக மாற்றினால் எடுப்பாக இருக்கும் என்று, மாதிரிக்கு ஒரு குழலை இரவல் வாங்க கிராமபோன் கம்பெனிக்குப் போனார் பாரோ. கருவியையே எங்களுடையதாக மாற்றினால் படத்தை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 1899-இல் பழைய கருவியின் மேலேயே புதியது தீட்டப்பட்டது. அன்று முதல் கிராமபோன் என்றாலே ஜனங்கள் மனதில் பித்தளைதான். அந்தக் காலக் குழல்களில் பெரும்பகுதி வண்ணம் பூசிய இரும்புத் தகடு, விலை கூடியவற்றில் மரம், பித்தளையும் உண்டு.

போலி பிறக்கும் இடம் பட்டறை. எச்.எம்.வி. 102 என்ற கைப்பெட்டி கிராமபோன் 1931-இல் வந்தது. அதற்கு வெளிக்குழல் கிடையாது. பெட்டி உளுத்துப்போனாலும் மோட்டாரும் சவுண்ட்பாக்ஸும் தேறும். அவற்றைக் கழற்றிப் புது மரப்பெட்டியில் பூட்டுகிறார்கள். பித்தளைத் தகட்டை இதழ் இதழாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் பற்றவைத்து, தட்டி வளைத்து, மெருகேற்றுகிறார் தொழிலாளி. அறுந்த ஸ்பிரிங்கை மாற்றி மோட்டாரை ஓடவைப்பதும் அதே பட்டறைதான். அந்தக் கைவேலையில் ஏமாற்று ஒன்றும் இல்லை; புதுப்பொருள் புதுப்பொருளாகவே வெளியே போகிறது. வயது ஏறுவது தரகரின் நாக்கில். நாள் முழுக்கத் தகடு தட்டியவருக்குக் கூலி. அதே குழலுக்கு ஒரு ஜமீன் பெயரையும் ஒரு பாட்டியின் சீர்வரிசையையும் ஒட்டவைப்பவருக்குப் பன்மடங்கு லாபம். நல்ல வேலைக்காரரின் பொருளைக் கள்ளப் பொருளாக்குவது இந்த இரண்டாவது ஆள்தான்.

சோதனையைச் சவுண்ட்பாக்ஸில் தொடங்குவது நல்லது. ஊசியைப் பிடித்திருக்கும் இந்த வட்டச் சிமிழுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். 1900-களின் தொடக்கத்தில் அது மைக்கா, அதாவது காக்காப்பொன்; வெளிச்சத்தில் கண்ணாடிபோலத் தெரியும். 102-இல் வரும் 5ஏ, 5பி வகைகளில் உள்ளது அலுமினியம். 1908-ஆம் ஆண்டுப் பெட்டி என்று சொல்லி அலுமினியச் சவ்வு காட்டினால், சவுண்ட்பாக்ஸாவது பிற்காலத்தது. அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. உடைந்ததற்குப் பதிலாக எப்போதோ மாற்றியிருக்கலாம். மற்ற உறுப்புகளும் அதே பக்கம் சாய்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

குழல் பெட்டியோடு சேரும் முட்டி அடுத்த சாட்சி. அசலில் பெட்டியின் முதுகில் கனத்த வார்ப்பிரும்புத் தாங்கி இருக்கும். குழலும் கையும் அதில் கச்சிதமாக அமரும். போலியில் வளைத்த பித்தளைக் குழாய். குழலைத் தொட்டால் ஆடும். கை சுலபமாகத் திரும்பாததால் ஊசி தட்டின் உட்பக்கம் போவதற்குள் துள்ளும். வீட்டு இசைத்தட்டைப் போட்டு இதைச் சோதிப்பது தட்டுக்கு ஆகாது.

பெட்டியைத் திருப்பிப் பார்ப்பதும் உண்டு. ஸ்டார் ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்தது 1930-களின் நடுவில். அதற்கு முந்தைய பெட்டியில் அது இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். மோட்டார் பலகையில் பொருத்தமில்லாத பழைய துளைகள் இருந்தால், அந்தப் பலகை வேறொரு கருவிக்காக அறுக்கப்பட்டது. தேய்மானமும் பார்க்கத்தக்கது: சாவி கொடுக்கும் கைப்பிடி மழுங்கியிருக்க, அது நுழையும் துளையின் விளிம்பில் கீறலே இல்லை என்றால் இரண்டும் ஒன்றாக வாழ்ந்தவை அல்ல.

கடைசியாக விலையும் ரசீதும். நூறு ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. 1905 என்று சொல்லி விலை கூட்டும் கடைக்காரரே, கேட்டால் லண்டனுக்கு அனுப்பித் தருவதாகவும் சொல்வார். அந்த 1905-ஐ ரசீதில் எழுதித் தரச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் அலங்காரப் பொருள் என்று இறங்கிவிடும். விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.